மஞ்சள் எடுபடாது

2025 பெப்ரவரி 8, சனி

காலையிலிருந்து பனி. வாசல் பனியைத் தள்ளிவிட்டு வருவதற்குள் அம்மா யன்னலால் எட்டி எட்டிப் பார்த்து, உப்புப் போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தா. எண்பத்தொரு வயதிலும் இந்த வீட்டுக்கு மேற்பார்வை இராசமணிதான்.

சிவானியின் மகளுக்கு ஏப்ரலில் கலியாணம். தங்கைக்கு மருமகன் வரப்போகிறான்; கலியாணம் கட்டாத அக்கா எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் பழைய பிளவுஸ்கூடக் கையில் ஏறவில்லை. வழக்கமாகத் தைத்துத் தருகிற அன்ரி ஊருக்குப் போய்விட்டா. அதனால் ஸ்ரீல்ஸ் பிளாசாவில், கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற தையல் கடைக்குப் போனேன். பலகையில் பேர்ணடெற் என்று மட்டும் எழுதியிருக்கும். இந்த மில்லிக்கனுக்குக் குடிவந்த நாளிலிருந்து அதைக் கடந்து போகிறேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஏன்? கறுப்பினப் பெண்கள் போகிற கடை, எங்களுக்கில்லை என்று ஒரு நினைப்பு. வேறென்ன.

பேர்ணடெற் கிரனடாத் தீவுக்காரி. அறுபத்தைந்து வயதிருக்கும். என்னைவிடக் கறுப்பு. செம்மஞ்சள் சட்டை, தலையில் பச்சைத் துணிக்கட்டு. சுவர் முழுக்கப் படங்கள் — அவள் தைத்ததை உடுத்துக்கொண்டு நிற்கிற பெண்கள். என் பிளவுஸை விரித்துப் பார்த்தாள். இந்தச் சாம்பல் நிறத்தை உனக்கு யார் எடுத்துத் தந்தது என்று கேட்டாள். பிறகு மேசையில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து என் தோளில் போட்டாள்.

சுட்டதுபோல விலகிவிட்டேன்.

பெப்ரவரி 9

ஊரில், எனக்குப் பதின்மூன்று வயது. நான் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் சீலை எடுக்க அம்மா என்னைப் பெரிய கடைக்குக் கூட்டிப் போனா. நான் மஞ்சளில் கை வைத்தேன். "விடு பிள்ளை, உன்ர நிறத்துக்கு மஞ்சள் எடுபடாது" என்றா. கடைக்காரர் சந்தன நிறத்தை விரித்தார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சந்தனம், சாம்பல், வெளிறிய றோஸ். மற்ற நிறமெல்லாம் சிவலையாய்ப் பிறந்த சிவானிக்கு.

சந்திரவதனா என்று பெயர் வைத்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்களா தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் அமாவாசை.

பெப்ரவரி 22, சனி

பிளவுஸை எடுக்கப் போனபோது பேர்ணடெற் ஒரு ரிக்கற் தந்திருந்தாள். டவுன்ரவுனில், கறுப்பின வடிவமைப்பாளர்களின் உடுப்புக் காட்சி. அவள் தைத்தவையும் வந்தன. இன்று போனேன். அம்மாவிடம் வேலை இருக்கிறது என்றேன்.

எப்படி எழுதுவது. மேடையில் வந்த பெண்கள் எல்லோரும் கறுப்பு. ஒருத்தியும் பவுடர் அப்பி வெளுக்கப் பார்க்கவில்லை. கிளிப்பச்சை, நீலம், குங்குமச் சிவப்பு. ஒரு வயதானவர் ஊதா சூட்டில் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு வந்தார், சனம் எழும்பி நின்றது. வெளிச்சத்தைக் கறுப்புத் தோலுக்கென்றே பிடித்திருந்தார்கள். எங்கள் கலியாணவீடுகளில் என் முறை வரும்போது வீடியோக்காரன் வெளிச்சத்தைக் கூட்டுவான், வெள்ளையாய்த் தெரியட்டும் என்று. அது எனக்குச் செய்கிற உதவியாம்.

முடிவில் பேர்ணடெற் பெரிய தொப்பியோடு, கழுத்தில் அளவு நாடாவையும் கழற்ற மறந்து வந்து நின்றாள். நான் கைதட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ரிஷ்யூ நீட்டினாள்.

மார்ச் 15, சனி

அளவு கொடுத்துவிட்டேன். மஞ்சள்தான். கலியாண றிசெப்ஷனுக்குப் போட நீளச் சட்டை.

அவள் அளக்கும்போது வாய் ஓயாது. தீவுகளிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்த அவளுடைய சித்தி கிழமை முழுக்க வெள்ளைக்காரர் வீட்டில் நிலம் துடைப்பாளாம். ஞாயிறு மட்டும் தொப்பியும் கையுறையுமாய்த் தேவாலயத்துக்குப் போவாளாம். வீதியில் பார்க்கிறவன் உன்னைச் சின்னதாக நினைக்க முன்னம் உடுப்பு பதில் சொல்லிவிட வேண்டும் என்பாளாம். அந்தக் காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்த ஊர் இப்போது அதே தோள்வெட்டு, அதே தலைக்கட்டு, அதே நிறங்களைக் கண்ணாடி யன்னலில் வைத்துப் பெரிய விலைக்கு விற்கிறது. சித்தியின் பெயரை மட்டும் எங்கும் போடவில்லை என்றாள் பேர்ணடெற். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஊசியைக் கொஞ்சம் அழுத்திக் குத்தினாள்.

என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். அமாவாசைக் கதையும் சொன்னேன். அமாவாசை என்று பெயர் வைத்தவள் இப்போது எங்கே என்றாள். றிச்மண்ட் ஹில்லில், பிள்ளையார் கோயிலில் காண்கிறனான் என்றேன். "தைக்க வேணுமெண்டா அனுப்பு. அவளுக்கு இரண்டு மடங்கு விலை" என்றாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன்.

மார்ச் 16

ஸ்ரௌவ்வில்லிலிருந்து சிவானி போன். "உந்தக் கறுவலிட்டையோ தைக்கக் குடுத்தனி?" அவளுக்கு அது சும்மா ஒரு சொல். ஊரில் என்னையும் அதே சொல்லால்தான் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஏன் வாய் திறக்கவில்லை?

ஏப்ரல் 5, சனி

சட்டை முடிந்துவிட்டது. கடைக் கண்ணாடியில் நின்றவள் நானில்லை. இல்லை — நான்தான். வடிவாக இருந்தேன். இதை எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனால் இருந்தேன். கறுப்பு மறையவில்லை. மஞ்சளால் இன்னும் கறுப்பாய், பளிச்சென்று.

சுவரில் ஓரிடத்தைக் காட்டி, இது உனக்கு, கலியாணவீட்டுப் படம் கொண்டுவா என்றாள் பேர்ணடெற்.

வீட்டில் அலுமாரியில் கடைசியாகக் கொழுவினேன், மேலே ஒரு கோட்டைப் போட்டு மூடி.

ஏப்ரல் 26, சனி

றிசெப்ஷனுக்குச் சாம்பல் சீலை உடுத்தேன்.

ஏப்ரல் 29

பேர்ணடெற் போன் எடுத்தாள். போட்டாயா என்றாள். ஓம் என்றேன். என்ன சொன்னார்கள் என்றாள். எல்லோரும் கேட்டார்கள், யார் தைத்தது என்று கேட்டார்கள் என்றேன். பொய் தானாக வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படம் எங்கே என்றாள். அனுப்புகிறேன் என்றேன்.

நாளைக்கு வேலையால் வந்து, சட்டையைப் போட்டு, ஒரு படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். அதற்கென்ன.

மே 2

இன்றைக்கும் எடுக்கவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, எடுக்கலாம்.

மே 3, சனி

கடை பூட்டியிருந்தது. கொத்துரொட்டிக் கடைப் பெடியன் சொன்னான். பேர்ணடெற் போய்விட்டாளாம், நேற்றுக் காலை. இதயம். வீட்டிலேயே.

படம் அனுப்பேல்லை. நான் படம் அனுப்பேல்லை.

மே 10, சனி

பேர்ணடெற்றின் தங்கை கிளடிஸ் எல்லோருக்கும் ரெக்ஸ்ற் அனுப்பியிருந்தாள்: அக்கா தைத்துத் தந்ததை உடுத்துக்கொண்டு வாருங்கள். விடிய எழும்பிச் சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். செத்தவீட்டுக்கு மஞ்சளா? மங்கல நிறமல்லவா? எங்கள் ஆட்கள் யாரும் கண்டால்? தேவாலயத்தில் எங்கள் ஆட்கள் எங்கே வரப்போகிறார்கள்! ஆனாலும் கை போகவில்லை. கலியாணவீட்டுக்கு எடுபடாது, செத்தவீட்டுக்குக் கூடாது. பிறகு எதுக்கடி தைப்பிச்சனி?

சாம்பல் சட்டையோடு போனேன்.

உள்ளே போனால் சுவரில் இருந்த படங்களெல்லாம் இறங்கி வந்து தேவாலய வாங்குகளில் இருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, ஊதா, தொப்பிகள். பேர்ணடெற் பெட்டிக்குள் தான் தைத்த சிவப்புச் சட்டையில், தொப்பியோடு. அவ்வளவு நிறத்துக்கு நடுவில் நான் ஒருத்தி சாம்பல். அங்கேதான் முதல்முறையாக என் நிறத்துக்காக இல்லாமல், என் உடுப்புக்காக வெட்கப்பட்டேன்.

வாசலில் கிளடிஸ் கையைப் பிடித்துப் பெயரைக் கேட்டாள். சொன்னேன். "மஞ்சள் சட்டை நீங்கள்தானே? உங்கட படம் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவ" என்றாள். என் சாம்பலைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து முழுகினேன். தண்ணீருக்குள் நின்று அழுதால் அம்மாவுக்குக் கேட்காது.

மே 11

கேட்டிருக்கிறது. காலையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, கடைக்காரிக்கு என்னத்துக்கு இப்படி அழுகிறாய் என்று கேட்டா. எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் சட்டை, பொய், படம்.

"அப்ப ஏன் அதைப் போடேல்லை?"

"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், என்ர நிறத்துக்கு மஞ்சள் எடுபடாதெண்டு."

"நான் எப்ப சொன்னனான்?"

நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தா. பெரிய கடை ஞாபகம் இருக்கிறது. சந்தன நிறச் சீலை ஞாபகம் இருக்கிறது, அதன் கரைகூட. அந்தச் சொல் மட்டும் இல்லை. "சொல்லியிருப்பன். நான் ஆயிரம் சொல்லுவன். நீ அதை இவ்வளவு காலமும் வச்சிருந்தனியே?"

ஓம் அம்மா. வச்சிருந்தன். உங்களுக்கு மறந்துபோச்சு, நான் அதை உடுத்துக்கொண்டு திரிஞ்சன். ஆரோட கோவிக்கிறது நான் இப்ப? எண்பத்தொரு வயசு மனிசியோடையோ?

தேத்தண்ணி ஆறிவிட்டது. அம்மா திரும்பச் சுடவைத்துத் தந்தா.

மே 20

"உந்தப் பிள்ளைக்கு முப்பத்தொண்டு எப்ப?" என்று அம்மா கேட்டா. அவர்களுக்கு முப்பத்தோராம் நாள் படையல் என்று ஒன்றில்லை என்றேன். எங்களுக்கு இருக்குத்தானே என்று சொல்லி, கலண்டரில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினா.

யூன் 1, ஞாயிறு

முப்பத்தொன்று. அம்மா மரக்கறி சமைத்து, ஒரு வாழையிலைத் துண்டில் பேர்ணடெற்றுக்குப் படைத்தா. அவள் ஆட்டிறைச்சிக்காரி என்று சொல்ல மனம் வரவில்லை.

பிறகு சட்டையைப் போட்டேன். கொஞ்சம் தளர்வாக இருந்தது, இந்த ஒரு மாதத்தில் மெலிந்திருக்கிறேன். அம்மாவிடம் போனைக் கொடுத்து எங்கே அமத்துவது என்று காட்டினேன். நான் சுவரோடு நின்றேன். "உங்க இருட்டுக்க நிண்டா என்ன தெரியும்? வெளிச்சத்துக்கு வா" என்றா. யன்னலடிக்கு வந்தேன். இன்னும் கொஞ்சம் என்றா. வந்தேன்.

படத்தில் என் தலை பாதி இல்லை. மஞ்சள் மட்டும் முழுதாக விழுந்திருக்கிறது, என் இரண்டு கைகளோடு. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். அம்மா களைத்துப்போய் இருந்துவிட்டா.

அதையே அச்சடித்துக்கொண்டு, அந்தச் சட்டையோடே பிளாசாவுக்குப் போனேன். கிளடிஸ் கடையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மாத முடிவோடு பூட்டுகிறார்களாம். சுவரிலிருந்து ஒரு படமும் இன்னும் கழற்றவில்லை. என்னையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள், அக்கா விட்டு வைத்திருந்த இடத்தில் குத்தினாள்.

பேர்ணடெற் இருந்திருந்தால், இதென்ன, தலையோடு ஒன்று எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பாள். நானும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.