வெட்டி எடுத்த இருமல்

இன்று காலை உன் தெருவில் தோல் எரிகிற வாடை வந்தது. மயிர் கருகுகிற வாடையும் ரப்பர் வாடையும் கலந்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற வாடை. நமக்குத் தெரியாததா? அந்தப் புகையில் காய்ந்த வெந்நீரில் குளித்துத்தானே இரண்டு பேரும் வளர்ந்தோம். ஆனால் உன் தெருவில் அது நின்றுபோய் வெகு நாள் ஆகியிருந்தது. நிறுத்தினவள் நீ. அதனால்தான் குப்பை வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு, பிரியாணிக் கடை வாசலில் நிற்கிறவள் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

வண்டிக்கு மேலே கட்டின ஸ்பீக்கரில் நீ பேசிக்கொண்டிருந்தாய். செத்துப்போனவள் என்கிற கூச்சமே உனக்குக் கிடையாது. தினமும் என் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூப்பிடுகிறாய். ஓட்டுகிறவள் நான், அதிகாரம் உன்னுடையது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே.

நோட்டீஸ் ஒட்டின காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். சுவரெல்லாம் ஒரே படம். இரண்டு கை, கைக்கு நடுவில் பூமி உருண்டை, உருண்டைக்கு மேலே ஒரு செடி. பசுமை வாழ்வுக்கு மாறுவோம் என்று கீழே எழுத்து. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

"இன்னாடி இது, பூமிக்கு ஜுரமா? இப்டித் தாங்கிக்கினு இருக்காங்க?"

"உன்னைத்தான் மொதல்ல தூக்கிப் பார்த்தாங்களாம். முடியலன்னுட்டு பூமியத் தூக்கிட்டாங்க" என்றேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்த நோட்டீஸ் உன் சமையல் அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. படித்தாயா என்று கேட்டதற்கு, "படிச்சிட்டுத்தான் போட்டேன், மரியாதை தெரியாதவளா நானு?" என்றாய்.

அப்புறம்தான் சென்னையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். ஜனங்களுக்கு ஒரு விஷயத்தை எப்படிச் சொன்னால் மண்டையில் ஏறும் என்று பார்க்கிற படிப்பாம் அவளுடையது. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் நாலாவதோடு நின்றிருக்க மாட்டேன். அவள் நோட்டீஸ் எதுவும் கொண்டு வரவில்லை. காலையில் என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே வந்தாள். உன் தெருவில் பாதி வீடுகளில் ஷூ கம்பெனிக்கு மேல்பாகம் தைக்கிறார்கள், மிச்சம் விழுகிற தோல் துண்டை வெந்நீர் அடுப்பில் போடுகிறார்கள் என்று அவளே கண்டுபிடித்தாள். பிறகு தெருவில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்தத் தெருவுல யாரு வாயைத் தொறந்தா எல்லாரும் வெளிய வந்து பார்ப்பாங்க?"

அத்தனை கையும் உன் வீட்டைக் காட்டியது. மரியாதையால் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ குழாயடியில் சண்டை பிடித்தால் பாலாற்று மணலில் மேய்கிற கழுதை திரும்பிப் பார்க்கும்.

நீ அவளையும் விட்டு வைக்கவில்லை. "ஒரு கை துண்டு போட்டா ஒரு அண்டா தண்ணி கொதிக்குதும்மா. சிலிண்டர் நீ வாங்கித் தர்றியா?" என்று கேட்டாய். அவள் பதிலுக்குப் பதில் பேசவில்லை. "ஒரு வாரம் போடாம இருந்து பாருங்கக்கா. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, நான் அதையே எழுதிக்கறேன்" என்றாள். நீ தேங்காய் மட்டையும் சுள்ளியும் பொறுக்கி, அவளையும் என்னையும் திட்டிக்கொண்டே தண்ணீர் காய்ச்சினாய். வார முடிவில் வண்டியை மறித்து, கொடியில் காய்ந்த புடவையை என் முகத்தில் அமுக்கினாய்.

"மோந்து பாருடி. சோப்பு வாடை வருது. என் பொடவையில சோப்பு வாடை வருதுடி!"

அந்த சந்தோஷத்தோடேதான் உன் உள் அறையில் வெளிச் சத்தம் வராமல் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, வண்டி ஸ்பீக்கரில் போடுவதற்காக அவள் போனில் நீ பேசினாய். அவள் எழுதிக் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு உன் வாய்க்கு வந்ததைப் பேசினாய். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் பாடம். "ஏம்மா, வண்டி வந்துருச்சு! சோறு கொழம்பு தனியா, கவரு தனியா போடுங்க. தோல் துண்டை அடுப்புல போடாதீங்க, மூட்டை கட்டி வண்டியில குடுங்க. நானும் போட்டவதான்..." அந்த இடத்தில் ஒரு மூச்சு இழுத்தாய். இருமல் வந்தது. சின்ன இருமலா அது? அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நின்று, மறுபடி கிளம்பி, முடிகிற இடத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம். முடிந்ததும் நீயே சிரித்துக்கொண்டு, "கேட்டீங்கல்ல?" என்றாய்.

நான் தரையில் உருண்டு சிரித்தேன். "அழிச்சிட்டு வேற எடும்மா, ஊரே காறித் துப்பும்" என்று நீ அவளைக் கெஞ்சினாய். அவள் சிரிக்கவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"இது இருக்கட்டும்க்கா. நாங்களும் எழுதி எழுதிப் பார்த்தோம், வரல. இது வந்துருச்சு."

அது எப்படி ஓடியது என்று நீயே பார்த்தாய். வண்டியோடு பிள்ளைகள் கும்பலாக வந்து உன்னோடு சேர்ந்து இருமினார்கள். பெண்கள் துண்டு மூட்டையைத் தூக்கி வந்து, பொய்யாக இருமிக்கொண்டே வண்டியில் போட்டார்கள். அதெல்லாம் தோலை அரைத்து அட்டை செய்கிற இடத்துக்குத் தனியாகப் போயிற்று. நீ வாசலில் நின்று உன் குரலை நீயே கேட்டுக்கொண்டிருப்பாய். அந்த மூச்சு வருகிற இடத்தில் நான் ஸ்டியரிங்கிலிருந்து கத்துவேன்: "தண்ணி குடிடி!" நீ கையில் கிடைத்ததை என் மேல் எறிவாய். ஒரு நாள் கத்தரிக்காய். நல்ல கத்தரிக்காய், அன்றைக்குக் குழம்புக்கு ஆயிற்று.

இருமல் நிற்கவில்லை. வேலூருக்குக் கூட்டிப் போனார்கள். அடுப்புதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தபடி, "என் குரல் ஓடுதாடி?" என்று கேட்டாய்.

"உன்னைவிட அதுதான் தெம்பா ஓடுது."

நீ சிரித்தாய். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அன்றைக்கு மட்டும் நான் 'தண்ணி குடிடி' என்று கத்தவில்லை. டம்ளரை நீட்டினேன்.

நீ போன பிறகு சில நாள் வண்டியை ஊமையாக ஓட்டினேன். வண்டி வந்ததே தெரியவில்லை என்று ஜனங்கள் முனிசிபாலிட்டி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சரி என்று ஸ்விட்சைப் போட்டேன். நீ பேசினாய். இருமினாய். பிள்ளைகளில் ஒருத்தன் பழக்கத்தில் கூடவே இரும, அவன் அம்மா ஓடி வந்து அவன் வாயைப் பொத்தினாள். "கேட்டீங்கல்ல?" என்று நீ சிரித்தது தெரு முழுக்க ஓடியது. வாளியோடு நின்ற பெண்கள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தால் நீ வண்டி மேல் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயோ என்று நான் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் உன் வீட்டுக்காரர் என்னைத் தெருமுனையில் மறித்தார்.

"கொரல் இருக்கட்டும்மா. அந்த இருமலை மட்டும் எடுத்துடு."

"ஏண்ணே?"

"தெருமுனையில நீ வர்றப்பவே அது கேக்குது. கேட்டதும் நான் தண்ணி மொண்டுக்கினு உள்ள ஓடறேன். கட்டில்கிட்ட போய் நின்னப்புறம்தான் தெரியுது. தெனம் இதே கதையா இருக்குது."

செல்போன் கடை பாயிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். அவர் கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டு, "வெட்டுன எடமே தெரியல, கேளுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மவுத்தானவங்க கொரலு. வெட்டுனதைத் தூக்கிப் போட மனசு வரலக்கா. அதுலயே தனியா வெச்சிருக்கேன்."

அன்று முதல் என் வண்டிச் சாவியோடு தொங்குகிற பென்டிரைவில் நீ ஒரு பக்கம், உன் இருமல் ஒரு பக்கம்.

உன் பேச்சு சுத்தமாகத்தான் ஓடியது. ஆனால் 'நானும் போட்டவதான், கேட்டீங்கல்ல?' என்று முடிந்தால் யாருக்கு என்ன புரியும்? பிள்ளைகள் "இன்னாத்த?" என்று திருப்பிக் கத்த ஆரம்பித்தார்கள். மூட்டை குறைந்தது. பின் தெருக்களில் ஒவ்வொரு இடமாகப் புகை எழுந்தது. இன்று உன் தெருவுக்கே வந்துவிட்டது.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண். உன்னைப் பார்த்தே இராதவள். இடுப்பில் கைக்குழந்தை, அதற்குத் தலைக்கு ஊற்ற வெந்நீர். அடுப்பில் கறுப்புத் தோலும் பழுப்புத் தோலும் குமிழ் விட்டுச் சுருண்டு எரிந்தன. குழந்தை கண்ணைக் கசக்கியது.

"ஏம்மா, தெனம் வண்டியில சொல்றாங்களே, காதுல விழலியா?"

"விழுதுக்கா. கேட்டீங்கல்ல, கேட்டீங்கல்லன்னு கேக்குறாங்க. எதைக் கேக்கச் சொல்றாங்கன்னுதான் தெரியல. போடாத போடாதன்னா, வெந்நீருக்கு நான் எங்க போவேன்?"

நான் முந்தானையால் குழந்தை முகத்துப் புகையை விசிறினேன்.

அதற்குள் உன் வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்துவிட்டார். மூக்கை உறிஞ்சினார். புகையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லண்ணே. இருக்குது."

"போடு."

"வேணாம்ணே."

"போடும்மா."

போட்டேன். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. உன் இருமல் மட்டும். தனியாக அது இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. உன் வீட்டுக்காரரின் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு எட்டு வைத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் பதறி வெளியே வந்தாள். "யாருக்குக்கா முடியல? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போலாம்ல?"

அவர்தான் பதில் சொன்னார். "என் சம்சாரம்மா. போய்ட்டா. இப்ப உன் அடுப்புல எரியுதே, அதுதான் எங்க அடுப்புலயும் எரிஞ்சுது."

அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். குழந்தையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. உன் வீட்டுக்காரர் கொல்லைக்குப் போய் நீ சேர்த்து வைத்திருந்த தேங்காய் மட்டை மூட்டையை இழுத்து வந்து அவள் வாசலில் போட்டார். "நான் பச்சைத் தண்ணியிலதான் குளிக்கறேன். இது எனக்கு எதுக்கு?" என்றார்.

நான் வண்டியில் ஏறும்போது பக்கத்தில் வந்தார். "நாளைலருந்து முழுசாவே போடு. ஆனா தெருமுனையில போடாத. என் வாசல்ல வந்து நின்னப்புறம் போடு. தூரத்துலருந்து கேட்டா உள்ள இருக்கற மாதிரியே இருக்குது. எதிர்ல நின்னு கேட்டா, வண்டியிலருந்துதான் வருதுன்னு கண்ணால பார்த்துக்குவேன்."

ஆகவே நாளைக் காலை உன் தெருமுனையில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, உன் வாசலில் வந்து நின்று போடப் போகிறேன். பாய் மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டார். 'போட்டவதான்' என்று சொல்லி நீ ஒரு மூச்சு இழுப்பாயே, அந்த இடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அங்கே வழக்கம்போல நான் 'தண்ணி குடிடி' என்பேன். அவர் வாசலில் நிற்பார், அந்தப் பெண் குழந்தையோடு நிற்பாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வேன்.

நீ பாட்டுக்குப் பதில் சொல்லிவிடாதே. வண்டி ஓட்டுகிறவள் நான்.