அம்மா பென்சிலால் கட்டிய பெட்டிகள்

அன்பு மாறாத அப்பாவுக்கு,

இதை எழுதும்போது உடனிருப்பவர்கள்: நான், உங்கள் மருமகன், ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் தம்பி சாம். அமெரிக்காவிலிருந்து என் மகள் பெனிட்டா போனில் இருந்தாள், இப்போதுதான் வைத்தாள். வேறு யாரும் இல்லை. உங்கள் கடிதம் வாசிக்கப்பட்டபோது யார் யார் கேட்டார்கள் என்று சொல்லித்தானே அம்மா தன் பதிலைத் தொடங்குவாள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

போன வாரம் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் பரணைக் காலி செய்தோம். பெயின்டர் ஒரு பிஸ்கட் டின்னைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

“அக்கா, இதுல இன்னா கீது? வெறும் பேப்பரு மாரி கீது. தூக்கிப் போட்டுறவா?”

வாங்கித் திறந்தேன். 1968இல் நீங்கள் சிகாகோவிலிருந்து எழுதிய நீலக் கடிதங்கள். சபை உதவித்தொகையில் படிக்கப் போயிருந்தீர்களே, அப்போது எழுதியவை.

எனக்கு அப்போது எட்டு வயது. மாலை ஜெபம் முடிந்ததும் அம்மா அவற்றைச் சத்தமாக வாசிப்பாள். பெரியப்பா நாற்காலியில், நானும் தம்பியும் பாயில், பக்கத்து வீட்டு டீச்சரம்மா வாசலில் நின்றபடி. முழங்கால் வரை பனி. தக்காளியை டின்னில் அடைத்து விற்கிறார்கள். சபையார் கம்பளிக் கோட்டு கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த உங்கள் அமெரிக்கா அவ்வளவுதான்.

இப்போது பார்த்தால், ஒவ்வொரு கடிதத்திலும் பாதி வரிகளுக்கு மேல், சுற்றிலும் கோடு போட்டு அம்மா பென்சிலால் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். பெட்டிக்குள் இருந்ததை அவள் எங்களுக்கு வாசிக்கவே இல்லை, அப்பா.

ஏப்ரல் மாதக் கடிதத்தில், கறுப்பின மக்களுக்காகப் பேசிய போதகரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், நகரத்தின் மேற்குப் பக்கம் எரிகிறது, தெருவில் ராணுவ வண்டிகள் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கீழே: “எங்கள் சபையார் ஊர்வலம் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் படிப்பு போய்விடும். நீ சரியென்றால் நடப்பேன். பதில் சீக்கிரம் எழுது.”

ஜூன் மாதக் கடிதத்தில், தேர்தலில் நின்ற ஒருவரையும் சுட்டுவிட்டார்கள் என்ற செய்திக்குப் பிறகு: “நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லையே.” ஆகஸ்டில், போர் வேண்டாமென்று பூங்காவில் கூடிய பிள்ளைகளைப் போலீசார் அடித்ததைப் பற்றி. கடைசியில் ஒரே வரி: “என் கண் இன்னும் எரிகிறது.”

எதனால் எரிந்தது? நீங்களும் அங்கே இருந்தீர்களா? புகை காற்றில் வந்ததா? அழுதீர்களா?

அம்மாவும் இல்லாத இந்த நாளில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பா காதில் விழுந்திருந்தால் மறுநாளே “உடனே கிளம்பி வா” என்று தந்தி போயிருக்கும். அவள் உங்கள் படிப்பைத்தான் காப்பாற்றினாள். ஆனால் தனியாகவாவது உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதினாளா? பதிலின் கடைசி வரியை எப்போதும் என் கையால்தான் எழுத வைப்பாள். “இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்காக ஜெபிக்கிறோம்.” அதைத் தவிர உங்கள் கேள்விக்குப் பதிலாக அவள் வேறு எதுவும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்ட நான், இந்த ஒரு வாரமாகப் போனில் தேடித் தேடி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வருடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

இப்போது பெனிட்டாவின் சேதி. அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் சபைப் பாடகர் குழுவில் ஒருவரை, குடியேற்றக் காகிதம் சரியில்லை என்று, வேலைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் ஊர்வலம் போகிறார்கள்.

“நானும் போகட்டுமாம்மா?” என்று கேட்டாள்.

உங்கள் மருமகன் போனைப் பிடுங்காத குறை. “விசாவுக்கு நீயே வேட்டு வெச்சுக்காத. ஊர்வலம்தான் வேணும்னா இங்க வா. தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல, ஊருக்குப் போற கூட்டத்துல நின்னாப் போதும், தானா தள்ளிட்டுப் போவாங்க.”

“ஜோக் அடிக்காதீங்கப்பா. எனக்குப் பக்கத்துல நின்னு பாடுறவரு அவரு.”

“போகட்டும் மச்சான், ஓரமா நடந்துட்டு வரட்டும்” என்றான் சாம்.

“ஓரமா நடந்தா போலீஸுக்குக் கண்ணு தெரியாதாடா?”

“அம்மா, நீ சொல்லு” என்றாள் பெனிட்டா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இங்க எல்லாரும் சுகம்மா. உனக்காக ஜெபம் பண்றேன்.”

 “சரிம்மா” என்று வைத்துவிட்டாள்.

என் ஜெபக் குறிப்பேடு உங்களுக்குத் தெரியும். இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் பதில் வந்த நாள். நாற்பது வருடமாக ஒரு வரி விட்டதில்லை. இன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் போகாதிருக்க என்று எழுதவா? போய்ப் பத்திரமாய் வர என்று எழுதவா? ஆண்டவரிடம் எதைக் கேட்பதென்றே தெரியாமல் நான் முழங்கால் போட்டது இதுதான் முதல் தடவை.

ஊர் திரும்பிய பிறகு, கண் மூடும்வரை, நீங்கள் அந்த வருடத்தைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. டிவியில் கண்ணீர்ப்புகையைக் காட்டினால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவீர்கள். யாரும் பதில் எழுதாமல், தனியாக முடிவெடுத்த கோபமா அது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், அப்பா. நாளைக் காலை ஜெபத்தில் பெனிட்டாவைப் போனில் கூப்பிடுவேன். உங்கள் அந்த மூன்று கடிதங்களையும், பெட்டிக்குள் இருப்பதையும் சேர்த்து, ஒரு வரி விடாமல் வாசிப்பேன். எனக்குப் பயமாயிருக்கிறது என்பதையும் சொல்வேன். அதற்குப் பிறகும் “போகட்டுமா?” என்று கேட்டால், சுகம் என்று சொல்ல மாட்டேன். போ என்றோ, வேண்டாம் என்றோ என் வாயால் சொல்வேன்.

எதைச் சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் நடந்தீர்களா என்பது தெரிந்தால் போதும். ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. பதில் சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
பெனிட்டாவின் அம்மா