வேண்டாம் சொல்லத் தெரியாத கையுறை

அன்பு மகன் அஸாருக்கு, அதிராம்பட்டினத்திலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லாரும் சுகம், துபாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை அனீஸாவுக்கு நீ அனுப்பிய பேசும் கையுறையை வாப்பா தெருவையே கூட்டிவந்து காட்டினார். அதைப் போட்டுக்கொண்டு அவள் ஜாடை காட்டினால், போனிலிருந்து யாரோ ஒரு பெண் ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி பேசுகிறாள். ஆனால் அனீஸா இருபத்தாறு வருஷமாகக் காட்டிவரும் ஜாடை ஒன்றுகூட அதற்குப் புரியவில்லை. நீ ஏற்றிவைத்த ஏழு வார்த்தைக்கும் அவள்தான் ஏழு புது ஜாடை படித்தாள். அது அவளுக்கு உதவியதோ இல்லையோ, அவள் அதற்கு நன்றாக உதவினாள். தினமும் அவளோடு ஜாடையிலேயே பேரம் பேசும் மீன்கார வீரையன், அந்தக் கையைப் பார்த்துவிட்டு, ஏம்மா, பாப்பா கையச் சுட்டுக்கிச்சா என்று பதறிப்போனார்.

போன வெள்ளிக்கிழமை நீ ஏற்பாடு செய்த சம்பந்தக்காரர்கள் அவளைப் பெண் பார்க்க வந்ததை நீயும் வீடியோவில் பார்த்தாய். மாப்பிள்ளை கையுறையைத்தான் விசாரித்தார், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், மழையில் நனையலாமா என்று. அவள் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இது இருக்கறதால எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க என்றார் அவர் உம்மா. வாப்பா எல்லார் முன்னாலும் அனீஸாவிடம் சம்மதம் கேட்டார். அவள் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சலாம், நன்றி, தண்ணீர், பசி, நலம், உட்காருங்கள், சம்மதம். வேண்டாம் என்பதை நீ ஏற்றவே இல்லை, அஸார். மறந்தாயோ, இவளுக்கு எதற்கு என்று விட்டாயோ.

அவள் அதைக் கழற்றி வட்டிலப்பத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்கையால் சொன்னாள். எனக்கும் வாப்பாவுக்கும் புரிந்தது. வாசலில் கூடையோடு நின்ற வீரையனுக்கே புரிந்தது. வந்தவர்களும் புரிந்துகொண்டு செருப்பைத் தேடினார்கள். நீ ஒருவன்தான் போனுக்குள்ளிருந்து, உம்மா, அவ என்ன சொல்றா, என்ன சொல்றா என்று கத்திக்கொண்டிருந்தாய். ஒரே வீட்டில் அவளோடு வளர்ந்த பிள்ளை. அன்றைக்கு நான் அழுதது சம்பந்தம் போனதற்காக இல்லை.

பக்கத்து வீட்டு ஆசியாவின் கணவர் துபாய் வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதத்தையும் கையுறையையும் கொஞ்சம் இறால் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. பெருநாளைக்கு ஒரு மாச லீவில் வா, எதுவும் வாங்கி வராதே. உனக்கு ஜாடை கற்றுத்தர அனீஸா தயாராக இருக்கிறாள். முதல் பாடம் ‘வேண்டாம்’தானாம்.

உன் உம்மா,
மெஹராஜ் பேகம்