வால் இல்லாத கோட்டு

மாட்சுயாமா
6 மார்ச் 1994

தமோத்சு அவர்களுக்கு,

இங்கே நானும் அண்ணனும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். குஷிரோவில் இன்னும் பனி விட்டிருக்காது. கடைசியாக உங்களுக்கு எழுதியது உங்கள் அம்மா தவறியபோது. இது நல்ல செய்திதான், பயப்படாமல் படியுங்கள்.

யுகாரிக்குக் கல்யாணம். மே பதினைந்து, ஞாயிறு பகலில், இங்கே ஒரு ஹோட்டலில். பையன் ஓனுகி வீட்டுப் பிள்ளை, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை. அதிகம் பேசமாட்டான். அந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

உங்களைக் கூப்பிடச் சொன்னது யுகாரி. "நிஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்டேன். "கூப்பிடுன்னா கூப்பிடும்மா, ஏன் நோண்டுற?" என்றாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விவாகரத்துக்குப் பிறகு நாம் உருப்படியாகச் செய்த காரியம் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டதுதான்.

உடை விஷயம் ஒன்று. பின்னால் நீண்டு தொங்கும் வால் கோட்டு வேண்டாம். இடுப்போடு நிற்கும் கறுப்புக் கோட்டு, கீழே கறுப்பும் சாம்பலுமாகக் கோடு போட்ட கால்சட்டை, உள்ளே சாம்பல் நிற வெயிஸ்ட்கோட்டு. அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு போவீர்களே, அந்தக் கோட்டே போதும். மற்றதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருவீர்கள் என்று யுகாரியிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

இகுயோ

*

குஷிரோ
17 மார்ச்

இகுயோவுக்கு,

உன் கடிதத்தை ஐஸ் ஃபேக்டரி வாசலில் நின்றுகொண்டே படித்தேன். கூட வேலை செய்கிறவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, யாராச்சும் போயிட்டாங்களா?" என்றான். பொண்ணுக்குக் கல்யாணம்டா என்றேன். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்று வாயைப் பிளந்தான். இத்தனை வருஷமாக அவனோடு ஐஸ் உடைக்கிறேன், இதைச் சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

வருகிறேன் என்று அவளிடம் சொல். இரண்டு தடவை சொல்.

கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தோள் சரியாக இருக்கிறது, வயிறுதான் ஒத்துழைக்க மறுக்கிறது. பொத்தானைத் தள்ளித் தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோடு போட்ட கால்சட்டை எதற்கு? கோட்டோடு வந்த கறுப்புக் கால்சட்டை நன்றாகத்தானே இருக்கிறது? உட்கார்ந்தால் மேஜைக்குக் கீழே யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் ஒன்று. யுகாரியின் கையைப் பிடித்து உள்ளே நடந்து வருவது யார்? அதை நீ எழுதவே இல்லை. நான் வாய் திறந்து கேட்க உரிமை இல்லாதவன்தான். இருந்தாலும் கேட்கிறேன்.

தமோத்சு

*

மாட்சுயாமா
28 மார்ச்

தமோத்சு அவர்களுக்கு,

கறுப்புக் கால்சட்டை கூடவே கூடாது. அதைப் போட்டால் சாவு வீட்டிலிருந்து வரும் வழியில் டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தவர் மாதிரி இருக்கும். பெண் வீட்டுக்காரர் என்பதே அந்தக் கோடு போட்ட கால்சட்டையில்தான் தெரியும்.

இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை, கவனமாகப் படியுங்கள். கால்சட்டையின் அடியில் மடிப்பு வைக்கக்கூடாது. பெல்ட் வேண்டாம், தோளில் மாட்டும் வார் வாங்குங்கள். அது இருந்தால்தான் வெயிஸ்ட்கோட்டுக்கும் கால்சட்டைக்கும் நடுவே சட்டை எட்டிப் பார்க்காது. டை வெள்ளியும் சாம்பலுமாக. வெள்ளை டை விருந்தாளிக்கு. மார்புப் பையில் வெள்ளைக் கைக்குட்டை. ஷூ கறுப்பு, கயிறு கட்டுவது. மீன் வாடை அடிக்காதது.

எனக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் படியேற முடிவதில்லை. அண்ணன்தான் தோட்டத்து ஆரஞ்சை எல்லாம் இறக்கிவிட்டு, கல்யாண வேலைக்கும் அலைகிறார். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார்.

யார் கூட நடப்பது என்று கேட்டிருந்தீர்கள். அது யுகாரியின் விஷயம். வந்தால் தெரியும்.

இகுயோ

*

குஷிரோ
10 ஏப்ரல்

இகுயோவுக்கு,

நீ சொன்னபடி எல்லாம் சேர்த்தேன். கால்சட்டைக்காக மட்டும் ஊரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். கடைசியில் கல்யாண உடை வாடகைக்கு விடும் ஒரு அம்மாளிடம் கிடைத்தது. வாய் ஓயாத அம்மாள். யார் கல்யாணம் என்று கேட்டாள். என் மகளுக்கு, மேலே போட இடுப்போடு நிற்கும் கோட்டு இருக்கிறது என்றேன். கால்சட்டையைக் கையிலிருந்து பிடுங்காத குறைதான்.

"பொண்ணோட அப்பான்னா வால் கோட்டு இல்ல போடணும்! இது மாமன் சித்தப்பன் போடுறது. இல்லேன்னா ஓட்டல் மேனேஜர் போடுறது. அங்க வர்றவங்க எல்லாம் உங்ககிட்ட ரூம் சாவி கேப்பாங்க" என்றாள்.

நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

நேராகவே கேட்கிறேன். உன் அண்ணன் என்ன உடுத்துகிறார்? வால் கோட்டா? யுகாரி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்திலிருந்து அவளை வளர்த்தவர் அவர். அதை நான் மறுக்கவில்லை. அவர்தான் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறார் என்றால் அதையும் சொல்லிவிடு. ஆனால் மாமன் வால் கோட்டில் நிற்க, அப்பன் மாமன் கோட்டில் நிற்பதைப் பார்ப்பதற்கு நான் இத்தனை தூரம் வர வேண்டுமா?

எனக்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம். அன்றைக்கு ஒரு நாள் அவளுக்கு அப்பாவாக நிற்க வேண்டும். அது இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு.

தமோத்சு

*

மாட்சுயாமா
19 ஏப்ரல்

தமோத்சு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய அலுப்பு வந்துவிட்டது. நாம் ஒரே வீட்டில் இருந்தபோது வருமே, அதே அலுப்பு. நீங்கள் கேட்பீர்கள், நான் சொல்வேன், நீங்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொள்வீர்கள்.

அண்ணன் என்ன உடுத்தினால் உங்களுக்கு என்ன? கடைக்காரி சொன்னதைக் கேட்பீர்களா, பெற்ற மகள் சொன்னதைக் கேட்பீர்களா? ஒரு தடவையாவது, காரணம் கேட்காமல், சொன்னதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். இதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை.

இகுயோ

*

குஷிரோ
27 ஏப்ரல்

இகுயோவுக்கு,

புரிந்தது. வருகிறேன். என்ன உடுத்திக்கொண்டு வருவது என்று எனக்குத் தெரியும்.

தமோத்சு

*

மாட்சுயாமா
24 மே

தமோத்சு அவர்களுக்கு,

சாப்பாடு முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று யுகாரியிடம் சொன்னேன். அவளும் நம்பியதுபோல் காட்டிக்கொண்டாள். கல்யாணப் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஹோட்டல் வாசலில் நீங்கள் வால் கோட்டோடு டாக்ஸியிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டாரைத்தான் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவர்கூட வால் கோட்டில் இல்லை, கவனித்தீர்களா? மாப்பிள்ளையின் அப்பா தன்னுடைய கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "நாங்கதான் தப்பாப் போட்டுட்டு வந்துட்டோமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவரிடம் சொந்தமாக வால் கோட்டு இருக்கிறது. யுகாரி கேட்டுக்கொண்டாள் என்பதற்காக அதை வீட்டில் வைத்துவிட்டு வந்த மனிதர். வால் கோட்டு இல்லாத இடத்தில் பொருந்தாது என்று நானும் பெண்ணின் அம்மா உடுத்த வேண்டிய கறுப்புக் கிமோனோவை, என் அம்மா கொடுத்ததை, விட்டுவிட்டு, சாதாரண ஊதாவில்தான் நின்றேன். எல்லோரும் ஒரு படி இறங்கி நின்றோம்.

எதற்குத் தெரியுமா? யுகாரி இரண்டு பேரோடும் நடக்க ஆசைப்பட்டாள். ஒரு பக்கம் நீங்கள், மறு பக்கம் மாமா. "ஒருத்தர் வால் கோட்டுலயும் ஒருத்தர் இதுலயும் வந்தா யாரு பெரியவருன்னு ஆயிடும்மா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றாள். முன்னாலேயே சொன்னால் இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு வராமலே இருந்துவிடுவீர்கள் என்று பயந்தாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அண்ணனுக்கே அன்று காலையில் உடை மாற்றும் அறையில் வைத்துத்தான் சொன்னாள். அவர் வெளியே போய் நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே அவர் தன் கோட்டைக் கழற்றி உங்களிடம் நீட்டினார். "உள்ள எல்லாம் ஒண்ணுதான் மச்சான். மேல இருக்கறத மட்டும் மாத்துங்க, போதும்" என்றார். நீங்களும் மாற்றிக்கொண்டு, பொத்தான் போட முடியாமல் கையால் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். வெறும் வெயிஸ்ட்கோட்டோடு நடக்க முடியாது என்று அவர் பின்னால் நின்றுகொண்டார். உங்கள் வால் கோட்டைப் போட்டால் உங்களுக்கு மேலே நின்றதாகிவிடும் என்று, அதை மடித்துக் கையில் வைத்திருந்தார். யுகாரி பூங்கொத்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் காலியாக வைத்திருந்தாள். நீங்கள் வலது கையைப் பிடித்தீர்கள். இடது கை கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது.

படத்தில் அண்ணன் இல்லை. படம் எடுப்பவர் கூப்பிட்டார். "நான் பாதி உடுப்புல நிக்கிறேன். நீங்க எடுங்க" என்று சிரித்துக்கொண்டே தள்ளிப் போய்விட்டார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. சத்தியத்தை மீறி ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று தினமும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

உங்கள் வால் கோட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அண்ணனுடைய கோட்டு உங்களோடு வந்துவிட்டது. அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், அனுப்பிவிடுங்கள்.

இகுயோ

*

குஷிரோ
5 ஜூன்

இகுயோவுக்கு,

கோட்டைச் சலவைக்குக் கொடுத்து வாங்கி, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தோள் பக்கம் தையல் விட்டிருந்தது, என் உடம்புக்குத் தாங்கவில்லை. தையல்காரனிடம் கொடுத்துச் சரிசெய்திருக்கிறேன், வெளியே தெரியாது.

அன்று மச்சான் கோட்டை நீட்டியபோது, நான் மட்டும் தப்பாக உடுத்தி வந்து தோற்றுப் போனதை மற்றவர்கள் பார்க்காமல் மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கசப்பாகக்கூட இருந்தது. அவள் கை என் கையில் இருந்ததில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியவே இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு படத்தை வெளியே எடுத்து வைக்க முடியவில்லை.

உன்னைத் திட்டிக்கொள்ளாதே. நீ அந்த ஒரு வரியை எழுதியிருந்தாலும் நான் வேறு ஏதாவது செய்து கெடுத்திருப்பேன். அது உனக்கே தெரியும்.

வழக்கத்தை மீறி யுகாரிக்கு நேற்று போன் செய்தேன். கல்யாண உடையை இன்னொரு தடவை உடுத்திக்கொள்ள முடியுமா, மாமாவோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "நானே நெனச்சுக்கிட்டிருந்தேன்ப்பா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். இந்த மாதக் கடைசி ஞாயிறு, அதே ஹோட்டலில். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சம்மதமாம். மச்சானிடம் நீ சொல். மறுப்பார், விடாதே. அவளுக்கு வலது பக்கம் அவர் நிற்கட்டும், அவருடைய சொந்தக் கோட்டில், எல்லாப் பொத்தானும் போட்டுக்கொண்டு. நீயும் உன் அம்மா கொடுத்த கறுப்புக் கிமோனோவை உடுத்திக்கொள். அது என்னால் பெட்டியில் கிடக்க வேண்டாம்.

"நீங்களும் வரீங்களாப்பா?" என்று கேட்டாள். படகு சீசன், லீவு கிடைக்காதும்மா என்றேன். ஜூன் மாதத்தில் இங்கே எந்தச் சீசனும் இல்லை என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிடாததுதான் சரி.

தமோத்சு