ஆகச் சிறந்த மாதம்

குன்னூர்,
6 பிப்ரவரி 2005

அன்புள்ள வல்லி,

நலம். நீயும் கயலும் பேரனும் நலம்தானே? மகளுக்கு ஒத்தாசையாக மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மொன்றியல் போனவளை ஒன்றரை வருடமாகக் காணோம். சமையல்காரன் வைக்கும் ரசத்தைக் குடிப்பதற்கே எனக்கு இன்னொரு பதக்கம் தர வேண்டும்.

என் வாழ்க்கை வரலாறு அச்சாகிவிட்டது. ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். குதிரைப்படையில் சேர்ந்தது முதல் ஜெனரலாக ஓய்வு பெற்றது வரை எல்லாம் இருக்கிறது. மே மாதம் ரெஜிமென்ட்டில் வெளியீட்டு விழா. மேடையில் என் பக்கத்து நாற்காலி உனக்கு. கயலிடம் டிக்கெட் போடச் சொல். மறுக்காதே.

அன்புடன்,
வீரபத்திரன்

மொன்றியல்,
27 பிப்ரவரி 2005

ஜெனரல் அவர்களுக்கு உங்கள் மனைவி எழுதுவது,

புத்தகம் வந்தது. எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டைப் பனியில் நனைந்து வந்தும் அட்டையில் உங்கள் மீசை விறைப்பாகத்தான் இருக்கிறது. டாங்கிகளை வைத்துக்கொண்டு குதிரைப்படை என்கிறீர்களே என்று கல்யாணமான புதிதில் நான் சிரித்ததைக்கூட எழுதியிருக்கிறீர்கள். எழுபத்தொன்று யுத்தத்துக்கு மட்டும் ஐம்பது பக்கம். முடிவில், "அந்த டிசம்பர்தான் என் வாழ்வின் ஆகச் சிறந்த மாதம்." பின்னட்டையில், "இவருக்கு ஒரே மகள்."

கீழ் வீட்டு மட்டக்களப்புக்காரி கிளி போன வாரம், "அக்கா, உங்களுக்கு எத்தின பிள்ளையள்?" என்று கேட்டாள். என்னை அறியாமல் "ரெண்டு" என்றேன். "மற்றவர் எங்க இருக்கிறார்?" என்றாள்.

அந்த டிசம்பரில்தான் நம் முதல் பிள்ளை காய்ச்சலில் போனான். திருச்சியில் என் அப்பா அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். நீங்கள் லீவில் வந்ததும் பெயர் வைக்கலாம் என்று காத்திருந்தோம்; பெயரில்லாமலே போய்விட்டான். தந்தி கொடுத்தோம். நீங்கள் வந்தது மார்ச்சில், பதக்கத்தோடு.

அந்த டிசம்பர் வரியை எடுங்கள், வருகிறேன். முடியாதென்றால் பக்கத்து நாற்காலியில் உங்கள் தொப்பியை வைத்துக்கொள்ளுங்கள்.

சௌந்தரவல்லி

குன்னூர்,
19 மார்ச் 2005

அன்புள்ள வல்லி,

உனக்குக் கோபமாகத்தான் ஒரு பதில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு ஒன்று தெரியாது. சண்டை நடக்கும்போது வீட்டிலிருந்து வரும் கெட்ட செய்தியை யாரிடமும் கொடுக்கக் கூடாது, முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒருவன் அழுதுகொண்டு டாங்கி ஓட்டினால் உள்ளே இருக்கும் மற்றவர்களும் சாவார்கள் என்று என் ஆட்களுக்கு அந்த விதியைப் போட்டவனே நான்தான். என் கிளார்க் எனக்காகவும் அதை மீறவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தபோது தந்தியைக் கொடுத்து சல்யூட் அடித்தான். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பையன்களோடு ரம் குடித்தேன். அன்று அழவில்லை. பிறகு எப்போது அழுவது என்று தெரியவில்லை. லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பதிப்பில் அந்த வரி இருக்காது. எனக்கு ஒன்று மட்டும் சொல். நான் அவனைப் பார்த்ததே இல்லை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லையே. எப்படி இருந்தான் வல்லி? யார் ஜாடை?

உன்,
வீரபத்திரன்

மொன்றியல்,
10 ஏப்ரல் 2005

என் அன்புக்குரியவருக்கு,

பேரனைக் கார்டெரியில், அதுதான் இங்கே குழந்தைகள் காப்பகம், விட்டுவிட்டு வந்து, வீட்டில் யாரும் இல்லாதபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன். வாய்விட்டு அழுதேன். தந்தியைப் பார்த்தும் சண்டையை விட்டு வர மனமில்லாமல் இருந்துவிட்டீர்கள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தக் கோபத்தோடுதான் உங்களுக்குச் சமைத்தேன், ஜெனரல் மனைவியாகப் பார்ட்டிகளில் சிரித்தேன். இப்போது கோபப்படவும் முடியவில்லை.

கிளியிடம் எல்லாம் சொன்னேன். "அண்ணையும் பாவம்தானே அக்கா" என்றாள். "ஓம்" என்றேன். இங்கே இருந்து இருந்து எனக்கும் அவர்கள் பேச்சு ஒட்டிக்கொண்டது.

யார் ஜாடை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்காக எவ்வளவு காத்திருந்தேன் தெரியுமா? அந்த மார்ச்சில் நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கியபோது பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கயல் பிறந்தபோதாவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு மாற்றலுக்கும் பெட்டி கட்டும்போது நினைத்துக்கொள்வேன். நீங்கள் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாளாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன். கயலின் முகம் வருகிறது, பேரனின் முகம் வருகிறது. அவன் முகம் வரமாட்டேன் என்கிறது.

மே மாதம் வருகிறேன். வந்தபின் இதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு மறந்துவிட்டது.

வல்லி