சைல்குரொப்ற்றில் நிற்காத ரயில்

மடுமாதா துணை

லாசப்பல், பாரிஸ்

தங்கச்சி பேர்ளிக்கு,

அண்ணை மடுத்தீன் எழுதுகிறேன். இஞ்சை நாங்கள் சுகம். உன்ரை சுகத்துக்கும் பிள்ளை கனிஷ்காவின் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறேன். கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை வாசி. போனில் என்றால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். அதுதான் கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டையில் இருந்து எழுதுகிறேன்.

நீ ரயிலுக்குள் இருந்து பார்த்தது உண்மை. ஞானஸ்நான உடுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இங்கிலாந்தில் உங்கள் பக்கத்து அந்தச் சைல்குரொப்ற் ஸ்ரேசனில் மரக்கட்டை மாதிரி நின்றேன். ரயில் மெதுவாக வந்தது. றைவர் என்னைப் பார்த்தார். நானும் மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். ரயில் போய்விட்டது! யன்னலுக்குள்ளே நீ பிள்ளையோடு எழும்பி நின்றதும் தெரிந்தது, உன்ரை முகம் வாடினதும் தெரிந்தது.

எங்கடை ஊர் ஆள் இல்லாத சுஜித்தை நீ கட்டின நாளிலிருந்து உன்னோடு கதையாத அண்ணன், ஞானத்தகப்பனாக வாறேன் என்று சொல்லிப்போட்டு, கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டான் என்றுதானே நினைத்தாய்? ஐயோ, இல்லையடி! அங்கை கை காட்டினால்தான் ரயில் நிற்கும் என்று எனக்கு ஆர் சொன்னது? வருசக்கணக்காகப் பாரிஸுக்கு வெளியே கார்ஜிலிருந்து ஆர்ஈஆர் ரயிலில் வேலைக்கு வந்துபோகிறவன் நான். இஞ்சை ரயிலுக்குக் கை காட்டினால் விசரன் என்று பொம்பியே என்கிற தீயணைப்புக்காரரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் வீட்டில் தங்கக் கூச்சப்பட்டு அந்த ஊரில் அறை எடுத்ததால் வந்த வினை இது.

அடுத்த ரயிலுக்கு நான் தவித்துக்கொண்டு நிற்க, ஒரு வெள்ளைக்காரக் கிழவி நாயோடு வந்தா. ரயில் தெரிந்ததும், படலையில் பாண்காரனை மறிக்கிற மாதிரி சும்மா கையை நீட்டினா. பேர்ளி, முழு ரயிலும் நின்றது! ஒரு கிழவிக்கும் ஒரு நாய்க்கும்! எனக்கு மெய் சிலிர்த்துப்போச்சு. பாரிஸ் கார் து நோர் ஸ்ரேசனில் நான் விழுந்தாலும் மிதித்துக்கொண்டு போகிற சனத்துக்குள் இடிபடுகிறவன், இதை எப்படி நம்புவது? வாயைப் பிளந்து நின்ற என்னை அவதான் வா வா என்று கூப்பிட்டு ஏற்றினா.

பிறகு கடல் வற்றின மணல்வெளி வந்தது. கண்ணுக்கெட்டின மட்டும் ஈர மணல், அங்காலே மலை. டிக்கற் பார்க்கிறவர் ஒவ்வொருவரிடமும் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டு, அதன்படிதான் சின்னச் சின்ன ஸ்ரேசன்களில் ரயில் நின்றது. மாதாவே, இப்படியும் ஒரு இடமா என்று வாய்விட்டே சொன்னேன். உன்னோடு இருந்து பார்க்கவேண்டியதை நான் தனியப் பார்த்தேன்.

ஞானஸ்நானத்துக்குச் சொல்லியிருந்த பரோவில் இறங்கிப் போனால், கோயில் பூட்டிக் கிடந்தது. நீ ஞானஸ்நானத்தை நிறுத்திப்போட்டுப் பிள்ளையோடு டாக்சியில் போய்விட்டாயாம். வாசலில் சுஜித் மட்டும் குளிரில் மூக்குச் சிவக்க நின்றார். அடுத்த ரயிலில் நீங்க கண்டிப்பா வருவீங்கன்னு தெரியும் என்றார். எங்களுக்குப் பழகிப்போச்சு, கை காட்டணும்னு சொல்லவே தோணலை, தப்பு எங்க மேலதான் என்றார். தான் சொன்னால் பூசி மெழுகுவதாக நீ நினைப்பாயாம், என்னையே எழுதச் சொன்னார். ரயில் நின்றதைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். நீயே நம்பாத என்னை நம்பி நிற்க அந்த மனுசனுக்கு என்ன தலைவிதி? உடுப்புப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் அழுதேன்.

பாதரிடம் வேறொரு நாள் கேள். ஞானத்தகப்பன் என்று வேறு ஆருடைய பெயரையும் கொடுத்துவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். முதலாளி செபஸ்தியாம்பிள்ளை அண்ணை எப்போது என்றாலும் லீவு தாறேன் என்றிருக்கிறார். இந்தமுறை உங்கள் வீட்டில்தான் படுப்பேன், நிலத்தில் என்றாலும் சரி.

மாதா உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். கோயில் வாசலில் அவரை மச்சான் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீ கோபத்தில் பதில் போடாவிட்டாலும், மச்சானை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லு.

உன்ரை அண்ணை,
மடுத்தீன்