கத்தரி வைத்த மடக்குக் கத்தி

சூரியநெல்லி
18.11.1974

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, காந்திமதி வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் சொன்ன மடக்குக் கத்தியைத் தேவிகுளத்தில் வாங்கிவிட்டேன். எட்டுக் கருவிகள் உள்ளது கையில் கனத்தது. அதனால் கத்தியும் கத்தரியும் டப்பா திறப்பானும் மட்டும் உள்ள சிறியதை எடுத்தேன். இங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி வெட்டக் கத்தரி உதவுகிறது.

வியாழக்கிழமை தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மருந்து கொடுக்கப் போனேன். மேகம் இறங்கித் தேயிலைச் செடிகள் மிதப்பதுபோல் இருந்தன. நானும் தரையில் கால் பாவாததுபோல்தான் நடந்தேன். கீழே யாரோ முனகும் சத்தம் கேட்டது. கொழுந்து எடுக்கும் மூக்கம்மாள் சரிவில் வழுக்கியிருந்தாள். கூடை மேலே ஒரு வேரில் மாட்டிக்கொள்ள, தலையில் கிடந்த அதன் கயிறு நழுவிக் கழுத்தை இறுக்கியிருந்தது. படுத்தபடி கையை நீட்டி இந்தக் கத்தியால் கயிற்றை அறுத்தேன். அவள் புல்லில் உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, அப்பா.

மூச்சு வந்ததும், "கூடையப் பிடிங்க தாயி, கொழுந்து கொட்டிரும்" என்றாள். பிறகு அந்த மேகத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை வெட்டித் தின்றோம்.

"தனியாவா பொங்கித் திங்கீக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் கருவாட்டுக் குழம்போடு வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

கத்தியை இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு நாடா தைத்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா உடுத்திய பழைய சேலையில் தைத்தால் போதும், துவைக்க வேண்டாம்.

தபால் ஜீப் வந்துவிட்டது.

மகள்,
காந்திமதி